கடைத் தராசில் பதினைந்து கிலோ

மலிவு டிக்கெட்டில் போகிறவர்களுக்கு உடம்பு இரும்பில் இருக்க வேண்டும். விடியும் முன் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, டாக்ஸிக்காரன் கேட்ட தொகைக்குப் பயந்து கடைசி மூன்று கிலோமீட்டரை நடந்தே கடந்து விமான நிலையத்துக்குள் நுழைந்தபோது, என் முட்டி இரண்டும் கழன்று கையோடு வந்துவிடும்போல இருந்தது. பெட்டியின் சக்கரம் ஒன்று பாதி வழியிலேயே போய்விட்டது. என் வீட்டுக்காரர் அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பெட்டிக்குள் என் பழைய தையல் மெஷின் இருந்தது. தூரத்து ஊரில் இருக்கிற மகளுக்கு வேலை போய் நாலு மாதம். வாயைத் திறந்து எதையும் கேட்காதவள், போன வாரம் போனில் கேட்டாள்: "அம்மா, உன் மெஷின் சும்மாதானே கிடக்கு? இங்க ஒரு கடையில தைக்கக் கொடுக்கறேன்னு சொல்றாங்க. திங்கட்கிழமைக்குள்ள சொந்த மெஷின் வேணுமாம். இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துப்பாங்க." இன்று சனிக்கிழமை. இந்த விமானத்தை விட்டால் இன்னொரு டிக்கெட் எடுக்க எங்களுக்கு வக்கில்லை.

எங்கள் டிக்கெட்டுக்கு ஒரே ஒரு பெட்டி, அதுவும் பதினைந்து கிலோ. மிஞ்சினால் கிலோவுக்கு இவ்வளவு என்று தீட்டிவிடுவார்கள். அதில் எனக்குக் கவலையே இல்லை. என் வீட்டுக்காரர் பழைய பேப்பர் கடைக்காரர். இருபத்திரண்டு வருடமாகத் தராசோடுதான் குடித்தனம். நேற்று கடைத் தராசில் பெட்டியை ஏற்றி, ஒரு துணியை எடுத்து, இன்னொன்றை வைத்து, முள் சரியாகப் பதினைந்தில் நின்ற பிறகுதான் பூட்டினார்.

கவுன்டரில் இருந்த பெண் பெட்டியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "பதினேழரை காட்டுதும்மா. ரெண்டரை கிலோவுக்குப் பணம் கட்டணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"யார்கிட்ட கதை விடறே? இவரு இருபத்திரெண்டு வருஷம் தராசு புடிச்ச மனுஷன். கையில தூக்கியே எடை சொல்லுவாரு. முதல்ல உங்க மெஷினை ரிப்பேர் பண்ணுங்க!"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்தப் பெண் கோபப்படாமல் பெட்டியைப் பக்கத்துக் கவுன்டரில் வைக்கச் சொன்னாள். அங்கேயும் பதினேழரை.

"என்னங்க, மரம் மாதிரி நிக்கிறீங்க? ஏதாவது சொல்லுங்களேன்!"

அவர் என் காதருகே குனிந்தார். "விடு. அவங்க மெஷின் சரிதான்."

"அப்ப நம்ம தராசு?"

"அது கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும்."

"ரிப்பேரா?"

"இல்ல. நானாத்தான் வெச்சேன். கடை ஆரம்பிச்ச புதுசுல. நேத்து எடை போடறப்ப அந்த நெனப்பே வரல."

காசு கொடுத்து வாங்குகிற கடையில் தராசு குறைத்துக் காட்டினால் லாபம் யாருக்கு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தெருவில் எத்தனை வீட்டுப் பேப்பர்! அத்தனையும் தின்றுதான் நானும் உடம்பை வளர்த்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. கத்த வேண்டும்போல இருந்தது, தெம்பில்லை.

நடைபாதை ஓரத்திலேயே பெட்டியைத் திறந்தோம். மெஷினைத் தவிர எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். அவர் ஒரு சட்டையின் மேல் இன்னொரு சட்டை, அதன் மேல் மற்றொன்று என்று மாட்டிக்கொண்டார். போர்வையையும் செருப்பையும் தரை துடைக்கிற அம்மாவிடம் கொடுத்தேன். "நிஜமாவா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டாள். மறுபடி வைத்தபோது பதினைந்துக்கு ஒரு பிடி குறைவாகவே இருந்தது. பெட்டி உள்ளே போனது. அவர் கவுன்டர் பெண்ணிடம், "தப்பு எங்களோடதும்மா, மன்னிச்சுக்கோ" என்றார்.

அவர் மன்னிப்புக் கேட்டது காதில் விழுந்ததும் எனக்கு மகள் ஞாபகம் வந்தது.

படிப்பு முடிந்த வருடம் மகள் தன் புத்தகங்களையெல்லாம் எங்கள் கடைக்கே கொண்டுவந்து போட்டாள். தராசைப் பார்த்தவள், ஆட்கள் நிற்கும்போதே, "அப்பா, ஹாஸ்டல்ல எடை பார்த்துட்டுத்தான் கொண்டு வந்தேன். இது தப்பாக் காட்டுது" என்றாள். பெத்த அப்பனையே திருடன்னு சொல்றியா என்று குதித்தவள் நான். அழ அழ அவளை அவரிடம் மன்னிப்புக் கேட்க வைத்ததும் நான்தான். அவர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன பெருந்தன்மை என்று நான் நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அவள் கடைப் பக்கமே வரவில்லை.

காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்ததும் அவளுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரைப் போட்டால்தான் என் போனில் எதுவும் கேட்கும்.

"மெஷின் ஏத்திட்டீங்களாம்மா?"

"ஏத்தியாச்சு. அடியே, அன்னைக்கு நீ சொன்னது நெஜம்தான்டி. அந்தத் தராசு. நான்தான் உன்னைப் போட்டு..." மேலே வரவில்லை.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா? அணைச்சுடு. அப்பா காதுல விழப்போகுது."

அவர் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.