காதுக்குக் கீழே ஒரு கோடு

…இன்றைக்கும் வந்திருக்கிறார் அந்த அம்மா, அதே பச்சைக் குடை, அதே பிளாஸ்டிக் பை, பஸ் நிறுத்தத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற என் சுவரொட்டிக்கு முன்னால் அதே இடம், பஸ் வந்தாலும் ஏறமாட்டார், பஸ்ஸுக்கா வருகிறார், அந்த முகத்துக்கல்லவா வருகிறார், நான் நடைமேம்பாலத்தின் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கீழே ஸ்கூடாய்ச் சாலையில் கார்கள் உரசாத குறையாக நகர்கின்றன, மழை வரும் என்று மோட்டார்சைக்கிள்காரர்கள் பாலத்துக்கடியில் ஒதுங்கி ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டுகிறார்கள்… இறங்கு ஷாந்தினி, இறங்கிப் போய்ச் சொல்லிவிடு, அம்மா, இது உங்கள் மகள் இல்லை, இப்படி ஒரு பெண்ணே உலகத்தில் இல்லை, இவளை நான் கணினியில் ஒட்டுப்போட்டுச் செய்தேன், அவ்வளவுதானே, எத்தனை நாளாக இதை வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருக்கிறாய், விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல். நேற்றும் இதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு மறுபக்கம் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டேன். இன்றைக்குப் போகமாட்டேன்.

செய்தேன் என்பதுகூடப் பெருமைதான், அந்த முகத்தில் எனக்கென்று என்ன இருக்கிறது, நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிற வீட்டின் மாடிப்படிச் சுவர்தான் அதைச் செய்தது. கடல் தாண்டி வடிவமைப்புப் படிக்க வந்தவர்கள் நாங்கள், நான் வவுனியா, ஒருத்தி மேடான், ஒருத்தி டாக்கா, லோஷினி மட்டும் இந்த மலாய் நாட்டுக்காரி, குளுவாங்கிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தவள், வாரக் கடைசியில் போய் அம்மா சமையலைத் தூக்கிக்கொண்டு வருகிறவள். அந்தச் சுவரில் யாரும் எதையும் ஒட்டலாம், சாக்லேட் உறை, துருப்பிடித்த பெயர்ப்பலகையின் படம், பாதியில் விட்ட யோசனை, யாரும் எதையும் எடுத்துக்கொள்ளலாம், ஒட்டியவர் பெயர் போடக்கூடாது, எடுத்தவர் யாருடையது என்று கேட்கக்கூடாது, அதுதான் சட்டம், வகுப்பில் பாதிப் பேர் புதன்கிழமை மாலையில் வந்து ஒட்டிவிட்டு எங்கள் சோற்றையும் தின்றுவிட்டுப் போவார்கள். இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து சுவர் முழுக்க பஸ் தாள்கள், அது வகுப்பில் கொடுத்த பயிற்சி, பஸ்ஸில் எதிரே இருக்கிறவரைக் கண்ணெடுக்காமல் பார், தாளைப் பார்க்காதே, பென்சிலைத் தூக்காதே, கை தன்பாட்டில் போகட்டும். பிறகு பார்த்தால் மூக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கம், எல்லாருடைய படமும் ஒரே கோணல், எது எவள் கை என்று வரைந்தவளுக்கே தெரியாது. அந்தச் சுவரிலிருந்துதான் எடுத்தேன். கண்கள் ஒரு கிழிந்த நோட்டீசில் இருந்தவை, யாரோ விளக்குக் கம்பத்தில் வட்டிக்காரர்களின் விளம்பரங்களுக்கு நடுவிலிருந்து உரித்துக்கொண்டு வந்தது, மழையில் ஊறி வெயிலில் வெளுத்து நெற்றியும் கண்ணும் மட்டும் மிச்சம், கீழே எழுத்தெல்லாம் போய்விட்டது. டியூஷன் விளம்பரம் என்று நினைத்தேன் என்று லோஷினியிடம் சொன்னேன்… நினைத்தேனா? வவுனியாக்காரி நான், காணாமல்போனவர்களின் படத்தை அடையாளம் தெரியாதவளா? கண்ணைக் கண்டதும் கை பறந்தது, அதுதான் உண்மை. வாயும் கன்னமும் என்னுடையவை, குளியலறைக் கண்ணாடியில் பார்த்து வரைந்தேன், முடியை நானாகவே கழுத்துவரை கத்தரித்தேன், கழுத்து மட்டும் ஒரு பஸ் தாளிலிருந்து வந்தது, காதுக்குக் கீழே தொடங்கித் தோளெலும்பை நோக்கி வந்து கடைசியில் கொக்கியாக வளைந்த ஒரு கோடு, பஸ் குலுங்கிப் பென்சில் சறுக்கியிருக்கும், எனக்குப் பிடித்துப்போயிற்று, அதை ஆறிப்போன தழும்பாக மெலிதாகப் போட்டேன். இந்தத் தழும்புதான் இவளை நிஜமாக்குகிறது என்றார் விரிவுரையாளர். பஸ்ஸில் தனியாகப் போகிற பெண்களின் பாதுகாப்புக்கான பிரச்சாரம், முதல் பரிசு, வீட்டில் நாசி கோரெங் விருந்து, ஸ்கூடாயில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரிக்கிறாள், கீழே மலாயில் இரண்டே சொல், சுடா சம்பாய். வந்து சேர்ந்துவிட்டேன்.

லோஷினிதான் வந்து சொன்னாள், அலமாக், ஒன்னோட போஸ்டர்கிட்ட ஒரு ஆண்டி டெய்லி வந்து நிக்கிறாங்க லா, இது எம்மக, இது எம்மகன்னு பஸ்ஸுக்கு நிக்கிறவங்ககிட்ட எல்லாம் காட்டுறாங்க, பாசிர் கூடாங்லேருந்து பஸ் மாறி மாறி வர்றாங்களாம், அந்தப் பொண்ணு பேக்டரில வேல செஞ்சிச்சாம், போன வருஷம் வேலைக்குப் போனது வீட்டுக்கே வரலையாம். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, விடு லா, மூஞ்சின்னா யார் மாதிரியாச்சும் இருக்கத்தான் செய்யும் என்றாள். விட முடியுமா? லோஷினிக்கு என் யோகம் பெரியம்மாவைத் தெரியாது. வீதியோரக் கொட்டகையில் மற்றத் தாய்மாரோடு, போரில் காணாமல்போன மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பெரியம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே நான் பள்ளிக்கூடம் போய் வந்தேன், படத்துக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார், வியர்வை படாமல். ஒருநாள் யாரோ ஒரு மனுசன் வந்து, உங்கட மகனைக் கொழும்பில ஒரு பேக்கரியில கண்டமாதிரிக் கிடக்கு என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான். அதன்பிறகு மாதாமாதம் பெரியம்மா கொழும்புக்கு ரயிலேறினார், பேக்கரி பேக்கரியாக நுழைந்து பார்த்தார், சும்மா நின்று பார்க்க வெட்கம் என்று ஒவ்வொன்றிலும் பாண் வாங்கினார், எங்கள் வீட்டில் காய்ந்த பாண் தின்று தின்று எனக்குப் பாண் மணமே பிடிக்காமல் போயிற்று. அந்த மனுசன் மட்டும் என் கையில் அகப்பட்டால் கன்னத்தில் அறைவேன் என்று எத்தனை தரம் நினைத்திருப்பேன், கண்டமாதிரிக் கிடக்காமே, கண்டாயா இல்லையா, ஒன்றைச் சொல்லித் தொலையேன்… இப்போது பார், அந்த மனுசன் நான்தான், நிறுத்தத்துக்கு நிறுத்தம் வண்ணத்தில் அச்சடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கண்டமாதிரிக் கிடக்கு, வந்து சேர்ந்துவிட்டாள்.

இறங்கிவிட்டேன். மழையும் கூடவே இறங்கிவிட்டது, ஓடிப்போய்க் கூரைக்குள் நின்றால் அந்த அம்மா குடையைச் சுருக்கி எனக்கு இடம் விடுகிறார், வாம்மா, நனையாத, இப்படி வா. கிட்டத்தில் பார்த்தால் பெரியம்மாவின் வயசுகூட இல்லை, நெற்றியில் சின்னப் பொட்டு, மார்பில் ஏதோ தொழிற்சாலையின் பெயர் போட்ட சட்டை, மகளுடையதாக இருக்கும். இந்தப் பக்கத்துப் புள்ளையா நீ என்கிறார், இல்லை அம்மா, நான் சிலோன், இங்க படிக்கிறன் என்கிறேன், அதான் பேச்சு வேற மாதிரி இருக்கு என்று சிரிக்கிறார், நான் புஷ்பவள்ளி, இது எம்மக பிரேமலா, உறவுக்காரியை அறிமுகம் செய்கிற மாதிரி கண்ணாடியைக் காட்டுகிறார், நானும் பைத்தியம் மாதிரி அவளைப் பார்த்துத் தலையாட்டுகிறேன். முடிய வெட்டிக்கிட்டா பாத்தியா, வெட்டாத வெட்டாதன்னு அடிச்சிக்குவேன், ஆனா நல்லாத்தான் இருக்கு இல்ல? கன்னம் வச்சிருக்கு, எங்கயோ நல்லா சாப்புடுறா. அது என் கன்னம் அம்மா, இந்த ஊர்ச் சாப்பாட்டில் நான் வைத்த கன்னம், சொல்லடி, இப்போது சொல்லு… அவர் திரும்பி என்னை உற்றுப் பார்க்கிறார், ஒனக்குங்கூட அவ சாயல் கொஞ்சம் இருக்கும்மா, வாய்கிட்ட. பெட்டிக்குள் குழல்விளக்கு பட்பட்டென்று அணைந்து எரிகிறது, அணைகிறபோது கண்ணாடியில் என் முகம், எரிகிறபோது அவள், என் வாய் இருந்த இடத்திலேயே அவள் வாய், நான் சிரிக்கவில்லை, அவள் சிரிக்கிறாள். நான்தானே வரைந்தேன், என்னத்துக்குப் பயப்படுகிறேன்?

சொல்லிவிட்டேன், எப்படி வந்ததோ, தலையைக் குனிந்துகொண்டு ஒரே மூச்சில், அம்மா, இது போட்டோ இல்லை, நான்தான் செய்தனான், கண் மட்டும்தான் உங்கட மகளின்ர, ஒரு கிழிஞ்ச நோட்டீசில இருந்து எடுத்தனான், மிச்சம் முழுக்கப் பொய், இதைப் பார்த்து நம்பிக்கொண்டு இருக்காதேங்கோ, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அடிப்பார் என்று நினைத்தேன், அழுவார் என்று நினைத்தேன், அவரோ கடைக்கணக்குக் கேட்கிற மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டு பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு உறைபோட்ட நோட்டீசை எடுத்து, இதுதானே என்று நீட்டுகிறார். அதே கண்கள். முழு முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன், என்னைவிட ஒல்லி, சிரிக்கவில்லை, இரண்டு தோளிலும் வழிகிற நீளமுடி, கழுத்தை மூடிய காலர். இதுல கழுத்து தெரியுதாம்மா? இல்லை அம்மா. அப்ப இத எப்புடிப் போட்ட, என்று அவருடைய விரல் கண்ணாடிமேல், காதுக்குக் கீழே, அந்தக் கோட்டின் மேல் வந்து நிற்கிறது. அது சும்மா… வடிவுக்குப் போட்டது… பஸ்ஸில எதிர இருந்த ஆக்களைப் பார்த்துக் கீறின தாளில கிடந்த கோடு, என்கிறேன். அவர் சுற்றிலும் பார்க்கிறார், நிறுத்தத்தில் காதில் கம்பி மாட்டிய ஒரு சீனப் பையனைத் தவிர யாருமில்லை, இருந்தும் என் காதருகே குனிகிறார். முடி வெட்டுவேன்னு ஒரே சண்ட, தோச ஊத்திக்கிட்டு இருந்தேன், கோவத்துல அந்தக் கரண்டியோட ஓங்கிட்டேன், காதுக்குக் கீழ இழுத்து இப்படிக் கொக்கியாட்டம், பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டு வேலைக்குப் போனவதாம்மா, வரல. போலீஸ்ல ஒடம்புல அடையாளம் ஏதும் இருக்கான்னு கேட்டாங்க, ஒன்னுமில்லன்னுட்டேன், எந்த வாயால சொல்றது, அவ அப்பாவுக்குக்கூட தெரியாது, எனக்கும் அவளுக்குந்தான் தெரியும். அதைச் சொன்னபிறகுதான் அவருக்குக் கண் நிறைந்தது, கண்ணாடியை உள்ளங்கையால் துடைக்கிறார், ஈரம் வெளியே இல்லை உள்ளே என்று தெரியாமல் திரும்பத் திரும்பத் துடைக்கிறார், பாரு, ஆறிடுச்சி, நல்லா ஆறிடுச்சி.

ஆறியது என் கையில் அம்மா, நான்தானே ஆறிய தழும்பாகப் போட்டேன், தாளில் இருந்தது வெறும் கோடு, பஸ் குலுங்கியதில் சறுக்கிய கோடு… சறுக்கியதா? பென்சில் சறுக்கினால் ஒரு வெட்டுத்தான் விழும், அது மெதுவாக இறங்கியிருந்தது, காதுக்குக் கீழிருந்து, பார்த்துப் பார்த்து இறங்கி, கடைசியில் வளைந்தது, ஒரு கண் அந்தப் பாதையில் போயிருக்கிறது. அவள் போனது போன வருஷம், நாங்கள் பஸ்ஸில் வரையத் தொடங்கியது இந்தப் பருவம், அப்படியென்றால் அவள் காணாமல்போன பிறகு யாரோ அவளைப் பஸ்ஸில்… இல்லை, வேண்டாம், எத்தனை பேருக்கு எத்தனை தழும்பு, வேறு யாருடைய கழுத்தாகவும் இருக்கலாம், கழுத்தே இல்லாத வெறும் குலுக்கலாகவும் இருக்கலாம். யார் ஒட்டினார்கள் என்று சுவரைக் கேட்கவா, பெயர் போடாதே என்று சட்டம் போட்ட எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். லோஷினியா, டாக்காக்காரியா, புதன்கிழமை வந்து சோறு தின்றுவிட்டுப் போன எவனாவதா… ஏன் மற்றவர்களையே எண்ணுகிறாய், நீ வரையவில்லையா? லார்க்கின் போகிற பஸ்ஸில் தினம் தினம், கண்ணெடுக்காமல், எதிர் ஆசனம் மாறி மாறி, கிழித்துக் கிழித்து நீயும்தானே ஒட்டினாய்? நினைத்துப் பார்க்கிறேன், சாமானோடு ஒரு கிழவர், முக்காடு போட்ட கல்லூரிப் பெண்கள், சிங்கப்பூர் வேலை முடிந்து வாய்திறந்து தூங்கியவர், முடி வெட்டிய பெண்… முடி வெட்டிய பெண் இருந்தாளா, இல்லை நான் வரைந்தவளே எனக்கு ஞாபகமாக வருகிறாளா? ஒருவரை அவ்வளவு நேரம் விழி அசைக்காமல் பார்த்துவிட்டு ஒன்றுமே காணாமல் இறங்கிப் போக முடியுமா? பைக்குள் இருக்கிற என் வலதுகைச் சுட்டுவிரல் துணியில் தன்பாட்டில் கோடு இழுக்கிறது, மேலிருந்து கீழே, பிறகு வளைவு, அது தடுமாறவேயில்லை. அந்த அம்மா என் முழங்கையைப் பிடித்திருக்கிறார். எந்த பஸ்ஸும்மா? எந்த பஸ்ல பாத்த? நான் அவளைக் காணவில்லை என்று சொல், ஷாந்தினி, இதற்குத்தானே இறங்கி வந்தாய், காணவில்லை அம்மா, ஒற்றைச் சொல், பாவம் அந்த மனுஷி வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கட்டும். எனக்கு ஞாபகம் வரேல்ல அம்மா, என்கிறது என் வாய். அதைச் சொன்ன பிறகுதான் விளங்குகிறது, அந்தப் பேக்கரி மனுசனும் பொய் சொல்லியிருக்கமாட்டான், இவ்வளவுதான் அவனுக்கும் தெரிந்திருக்கும். பரவாயில்ல, மெதுவா யோசி, ஞாபகம் வரும் என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொல்கிறார். மழைக்குள்ளிருந்து லார்க்கின் பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது, அந்த அம்மா முதல்முறையாகச் சுவரொட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இறங்குகிற ஒவ்வொருவரின் கழுத்தையும் பார்க்கத் தொடங்கினார், நானும் பார்த்தேன்.