ஹார்லன் பார்க்காத வெற்றி

1908-இல் அமெரிக்காவின் அயோவாவிலிருந்த எங்கள் சின்னக் கல்லூரியின் கால்பந்து அணி, பருவம் முழுக்கத் தோற்றுக்கொண்டே வந்தது; அங்கே கால்பந்து என்றால் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவன் மேல் பாய்ந்து வீழ்த்துவதும்தான். கடைசி ஆட்டத்தில், நவம்பர் மாதச் சேற்றில், ஹார்லன் வாஸ் யாருடைய முழங்காலிலோ தலை மோதி விழுந்தான். தானே எழுந்துவிட்டதால் யாரும் அவனை வெளியே அனுப்பவில்லை. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டான். ஜெயித்துவிட்டோம்.

கத்திக்கொண்டே அவனைத் தோளில் தூக்கினோம். அவன் குனிந்து என் காதில் கேட்டான்: "ஏன்டா தூக்கிட்டுப் போறீங்க? எனக்குக் காலு ஒடிஞ்சுபோச்சா?"

"நீதானேடா ஜெயிக்க வச்ச," என்றேன்.

"வெளையாடாத பெர்லி. ஆட்டம் எப்ப ஆரம்பிக்குது?"

கேலி செய்கிறான் என்று சிரித்தோம். விடுதியில் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி அதையே மறுபடி கேட்டபோதுதான் அணித்தலைவன் ராஸ்கோ எழுந்து டாக்டரைக் கூட்டிவர ஓடினான்.

கிறிஸ்துமஸுக்குள் ஹார்லன் தேறிவிட்டான். அந்தப் பிற்பகல் மட்டும் அவன் நினைவுக்குத் திரும்பவே இல்லை. இடப்பக்கமாக ஓடினாய் என்று ராஸ்கோ சொன்னான்; வலப்பக்கம் என்று மற்றவர்கள் அடித்துச் சொன்னார்கள். கடைசியில் என்னிடம் வந்தான்.

"நீயாவது சொல்லுடா. எப்படி ஓடினேன்?"

"தெரியலடா. நாலு பேருக்கு அடியில கிடந்தேன். சத்தம்தான் கேட்டுச்சு."

"அப்ப நீயும் பாக்கல," என்றான்.

அது ஆறுதலில் சொன்னதா, வருத்தத்தில் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.