இன்னொரு நர்ஸ்

ஆற்றோர ஆஸ்பத்திரிக்கு நர்சம்மா ஒருத்திதான். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் தலைகாட்டுவார். சுகாதாரத் திட்டம் வகுக்க மக்கள் கருத்துக் கேட்கிறோம் என்று கடிதம் வந்ததும், டீக்கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். அவள் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று: இன்னொரு நர்ஸ்.

மண்டபத்தில் கூட்டத்தை நடத்தியவர் அவளுடைய தங்கை புருஷன்தான்; அமைச்சக அதிகாரி. திட்டத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கியிலிருந்து வந்த வெளிநாட்டு அம்மாள் முன்வரிசையில் இருந்தார். ஆளுக்கு மூன்று வண்ணப் பொட்டு கொடுத்து, சுவரில் எழுதியிருந்த ஐந்து தேவைகளில் முக்கியமானதற்கு ஒட்டச் சொன்னார்கள். கணினி, பயிற்சி, கட்டணச் சீட்டு, விழிப்புணர்வு, கட்டடத்துக்கு வெள்ளையடிப்பு. ஆள் போடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நர்சம்மா எழுந்தாள்.

"இங்க வர்றதுக்கே ஆஸ்பத்திரியப் பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன். எனக்கு இன்னொரு ஆள் வேணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். மொழிபெயர்த்துச் சொன்னதும் வெளிநாட்டு அம்மாளும் தட்டினார்.

டீ குடிக்க விட்டபோது அதிகாரி அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "அக்கா, அஞ்சு வருஷத்துக்குப் புதுசா ஆள் எடுக்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டுத்தான் அரசாங்கம் கடனே வாங்கியிருக்கு."

"அப்ப எங்கள எதுக்குக் கூப்பிட்டீங்க, மாப்பிள்ளை?"

"மக்களக் கேட்டோம்னு காட்டணும். இல்லைன்னா அடுத்த தவணை வராது. உங்களுக்கு மருந்தும் வராது. நான் என்னக்கா பண்ணட்டும்?"

அவர் முகம் வாடிக் கிடந்தது. கோபப்படக்கூட அவளுக்கு ஆள் கிடைக்கவில்லை.

மூன்று பொட்டையும் பயிற்சிக்கே ஒட்டிவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது போன் அடித்தது. டீக்கடைக்காரர்.

"அம்மா, கொத்தனார் பொண்டாட்டிக்கு வலி வந்திருச்சு. பனிக்குடம் உடைஞ்சிருச்சு. கதவத் திறந்துட்டோம். திறந்து என்ன பண்றது?"

அதிகாரி தன் ஜீப்பையே கொடுத்தார். ஏறியதிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்று அவள் போனில் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் சிக்னல் போய்விட்டது.

போய்ச் சேர்ந்தபோது பிரசவம் முடிந்திருந்தது. கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளையைத் துணியில் பொதிந்து டீக்கடைக்காரரின் மனைவி மடியில் வைத்திருந்தாள். அது அழவே இல்லையாம். நர்சம்மா தொட்டுப் பார்த்தாள்; உடம்பு சில்லிட்டிருந்தது. தாய்க்கு மூச்சு சீராக இருந்தது. நர்சம்மா கையைக் கழுவிக்கொண்டு உதிரப்போக்கைப் பார்க்கக் குனிந்தாள்.

கொத்தனார் வாசற்படியை விட்டு நகரவில்லை. அங்கிருந்தே கேட்டார்.

"இன்னொரு நர்ஸ் கேக்கத்தான் போனீங்களாமே. கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

அவள் நிமிரவில்லை.

"எழுதிக்கிட்டாங்கப்பா."