ஒப்பாரி தெரியாதவள்

ஐந்து மாடிக் குடியிருப்பின் முற்றத்தில், குப்பைத் தொட்டிகளுக்கும் சிறுவர் ஊஞ்சலுக்கும் நடுவே துக்கக் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே தொகோனின் உடல். அதன் பக்கத்தில், கூடாரச் சுவரைப் பார்த்தபடி அவன் மனைவி ஜிபார் உட்கார்ந்திருந்தாள். வெளியே ஆண்கள் அழுதுகொண்டு வரும்போதெல்லாம் அவள் உள்ளிருந்து ஒப்பாரியால் பதில் சொல்ல வேண்டும். அதுதான் முறை.

வேண்டாம் என்று மகன் மிர்லான் காலையிலேயே சொல்லிவிட்டான். மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன், தாடியும் தொழுகையுமாகத் திரும்பியிருந்தான்.

“சத்தம் போட்டு அழக் கூடாதும்மா. அழுதா குழிக்குள்ள அப்பாவுக்குத்தான் வேதனை.”

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.  மாமியார் செத்த அன்றைக்கு இதே முற்றத்தில் நின்று தொகோனும் இப்படித்தான் சொன்னான். அப்போது அவன் ஆலையில் மேற்பார்வையாளன், சடங்கெல்லாம் கூடாதென்ற கம்யூனிஸ்ட் கட்சியில் பெரிய ஆள்.

“ஒப்பாரி கிப்பாரின்னு ஆரம்பிச்சா நான் ஆலையில தலைகாட்ட முடியாது.”

அன்று ஒப்பாரிக்குப் பதில் ஆலையின் பேண்டு வாசித்தது, அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பனுக்குக் கட்சி, பிள்ளைக்கு மார்க்கம். வாயை மூட மட்டும் எப்போதும் இவள்தான் கிடைத்தாள். இன்று மூடப்போவதில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அனுப்பினால், யாரோ வழிப்போக்கனைப் புதைத்த மாதிரி ஆகிவிடும்.

சாபர் வந்தார். தொகோனோடு வேலை பார்த்தவர். ஆலை மூடியபின் சந்தையில் பழைய நட்டு போல்ட்டு விற்கிறவர். கம்பை ஊன்றிக் குனிந்து, “என் தோழனே, இனி உன்னை எங்க பாப்பேன்” என்று கதறிவிட்டு, பதிலுக்காக நின்றார்.

ஜிபார் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ராகம் தெரியாது, சொல் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் கேட்கவே விடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவர்களுக்கும் தெரியாது. தாய் ஒப்பாரி வைத்துவிடாமல் தடுக்க மிர்லான் வாசல் துணியை விலக்கினான்.

“வந்தாச்சா” என்றாள் ஜிபார், சுவரைப் பார்த்து. வேலை முடிந்து வருகிற தொகோனை நாள்தோறும் கேட்ட அதே குரல். “பூட்ஸ வெளியவே கழட்டுங்க. கைய நல்லாக் கழுவுங்க, எண்ணெ நாத்தம் போகவே இல்ல. உக்காருங்க, சூப்பு ஆறுது.”

சாபரின் அழுகை நின்றது.  இது சத்தம் போட்டு அழுவதல்ல; மிர்லான் தடுக்க வந்தது இதையல்ல.  அவன் வாசலிலேயே குனிந்து, தன் பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.