ஒசந்த வூட்டு விரிசல்

வரதராஜன்பேட்டைக்கு வடக்கே எங்கள் ஊரில் கோபுரம் மாதிரி ஒரு வீடு நிற்கிறது. யாரோ ஒரு பாளையக்காரன் எதிரிக்குப் பயந்து கட்டினான் என்கிறார்கள். எந்த எதிரி என்று எவனுக்கும் தெரியாது. ஊரில் அதற்கு ஒசந்த வூடு என்று பேர். மூன்று மாடி. அஞ்சு வரிசை செங்கல், ஒரு வரிசை சக்கிமுக்கிக் கல் என்று மாற்றி மாற்றிச் சுண்ணாம்பில் கட்டியது. கறுப்புக் கல். உடைத்த முகத்தை வெளியே காட்டி வைத்திருப்பதால் வெயிலில் மின்னும். சுவர் நாலு முழக் கனம். மாடிப்படி அந்தச் சுவருக்குள்ளேயே சுற்றிக்கொண்டு ஏறுகிறது. சன்னல் என்று இருப்பதில் கைதான் நுழையும். கீழ்த்தளத்தில் என் அப்பன் காலத்திலிருந்து குடியிருக்கிறோம். பட்டா அழகேசன் என்று என் பேரில் இருக்கிறது.

வடக்குச் சுவரில் ஒரு விரிசல். வீடு ஆபத்து என்று எவனோ மனு போட, பொதுப்பணி ஆபீசிலிருந்து பிரவீணா என்று ஒரு இன்ஜினியர் பொண்ணு வந்தது. விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை சிமெண்டு வைத்து ஒட்டி, அதில் தேதியும் கையெழுத்தும் போட்டது. என் மருமகள் மேகலாவிடம் ஏதோ விளக்கியது. நான் கேட்கவில்லை. முன்னே சிமெண்டு கம்பெனி சுண்ணாம்புக்கல் தோண்ட நிலம் எடுத்தபோதும் ஒருத்தன் வந்து விளக்கிவிட்டு, சிவப்பு பெயிண்டில் குறி போட்டுப் போனான். ஆறு மாதத்தில் என் ஒன்றரை ஏக்கர் பள்ளமாகிவிட்டது. குறி வைத்தால் இடம் போச்சு. அன்றைக்குச் சாயங்காலமே அரிவாள் முனையால் கண்ணாடியை நெம்பினேன். பெயரவில்லை. நடுவில் இரண்டாக உடைந்தது.

சத்தம் கேட்டு வந்த மேகலா அப்புறம்தான் விவரம் சொன்னாள். மூன்று மாதம் கண்ணாடி முழுசாக இருந்தால் சுவர் அசையவில்லை என்று அர்த்தமாம். உடைந்தால் சுவர் நகர்கிறதாம். எங்களைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு இடித்துவிடுவார்களாம்.

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன் மாமா. நீங்கதான் டிவி சத்தத்தக் கூட்டி வச்சீங்க."

மூன்று மாதம் கழித்துப் பிரவீணா வந்தது. உடைந்த கண்ணாடியைப் பார்த்தது, எழுத ஆரம்பித்தது. நான்தான் உடைத்தேன் என்றேன்.

"வூடு போயிடும்னா எல்லாரும் சொல்றதுதாங்க ஐயா இது."

அதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

கண்ணாடிக்கு மேலே விரிசலை மறைத்துக்கொண்டு ஒரு மண் கட்டி இருந்தது. அதைச் சுரண்டப் பிரவீணா பேனாவை நீட்டியது. மேகலாவுக்கு அப்போது ஏழு மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

"அதத் தொடாதீங்க மேடம். குளவிக் கூடு."

புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டில் குளவி கூடு கட்டினால் யாரும் கை வைக்க மாட்டோம். நான்கூட ஒருமுறை விளக்குமாறு எடுத்துப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறேன். கூடு உருண்டையாக இருப்பதால் பெண் குழந்தைதான் என்று தெருப் பெண்கள் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். மேகலா அதைப் படமெடுத்து அவள் அம்மாவுக்கு அனுப்பியும் இருந்தாள்.

பேனாவைக் கீழே இறக்கிய பிரவீணா அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. தேதிப்படி அது கண்ணாடி ஒட்டிய ஒன்பதாம் நாள் எடுத்த படம். கூடு முழுசாக இருந்தது. பக்கத்தில் கண்ணாடி அப்போதே இரண்டாக இருந்தது. பிறகு செல்போன் வெளிச்சத்தைச் சுவரிலிருந்த கூட்டின் மேல் அடித்து ரொம்ப நேரம் குனிந்து பார்த்தது. விரிசலின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருந்த மண்ணில் ஒரு கீறல் இல்லை.

"அன்னயிலேருந்து செவுரு ஒரு நூல் அசஞ்சிருந்தா இந்த மண்ணு வெடிச்சிருக்கும்," என்றது. என்னிடம் இல்லை, மேகலாவிடம்.

ரிப்போர்ட்டில் குளவி என்று எழுத முடியாதாம். விரிசல் மேல் உள்ள மண் பூச்சில் வெடிப்பு இல்லை, இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று எழுதியது. இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னேன். காட்டியது.

பிறகு புதுக் கண்ணாடி ஒன்றைக் கூட்டுக்கு ஒரு சாண் தள்ளி ஒட்டிவிட்டு, எதற்கு என்று மறுபடி விளக்கியது. மேகலா உள்ளே போய் டிவியை அணைத்தாள். இந்தத் தடவை முழுசாகக் கேட்டேன். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். கேட்டேன்.