என் நம்பர் என் கைக்கு மட்டும்

வேலை தெரியாதவனைத் தோற்கடித்தால் அது நியாயம். வேலையை அளவுக்கு மேல் சுத்தமாகச் செய்தான் என்று ஒருவனைத் தோற்கடிப்பார்களா? என்னைத் தோற்கடித்தார்கள். முப்பத்தெட்டாம் வருஷம், அடையாற்றில் ஒரு கொட்டகையில், ஊரே பார்க்க.

நான் பீர் முஹம்மது. தியாகராய நகரில் வேதாந்தம் முதலாளியின் மோட்டார் ஷெட்டில் கியாஸ் வெல்டர். மயிலாப்பூர் வக்கீல்கள் காரை எதிலாவது முட்டிவிட்டு எங்களிடம்தான் வருவார்கள். கிழிந்த மட்கார்டை உருக்கி ஒட்டி, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுப்பேன். ஒட்டு கண்ணில் பட்டால் போச்சு, வக்கீல் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அவர்கள் தடவிப் பார்த்து, "கைபட்ட எடமே தெரியலையே!" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

அந்த வருஷம் முதலாளி பாய்லர் வேலைக்கும் ஒப்புக்கொண்டார். ஆழ்வார்பேட்டையில் ஒரு சலவைக் கம்பெனியின் நீராவி பாய்லர். மட்கார்டு பிளந்தால் வக்கீல் திட்டுவார். பாய்லர் பிளந்தால் ஆள் சாவான். அதனால் சோதனையில் தேறியவன்தான் அதைத் தொடலாம் என்று சர்க்காரில் சொல்லிவிட்டார்கள். தேறியவனுக்கு ஓர் எண் உண்டு. முனையில் அந்த எண்ணை வெட்டிய எஃகு முத்திரையும் கையில் கொடுப்பார்கள். ஒட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துச் சுத்தியால் அடித்தால், போட்டவன் யார் என்பது இரும்பில் பதிந்துவிடும். இத்தனை வருஷம் கைபட்ட இடமே தெரியாமல் வேலை செய்த எனக்கு, அந்த எண் மேல் வெறியே வந்துவிட்டது.

அடையாற்றுக் கொட்டகையில் சோதனை வைத்தவர் பாய்லர் இன்ஸ்பெக்டர் தணிகாசலம். இரண்டு இரும்புத் தகடுகளைக் கொடுத்து ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். அதோடு விட்டேனா? இடுப்பிலிருந்த அரத்தை எடுத்து ராவினேன். தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போல ஆக்கிக் கொண்டுபோய் நீட்டினேன்.

தணிகாசலம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒட்டு எங்கய்யா?"

"அதான் சார், தெரியாது!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

அவர் சாக்குக்கட்டியால் தகட்டின் மேல் பெருக்கல் குறி போட்டார். "முதல்ல ஒட்டைக் கண்ணால பார்க்கணும், அப்புறம்தான் உடைச்சுப் பார்க்கணும். நீ ஒட்டையே மறைச்சுட்ட. பெயில். ஆறு மாசம் கழிச்சு வா."

வாசலில் காரோடு முதலாளி காத்திருந்தார். விஷயம் கேட்டதும் என் தோளைத் தட்டினார். "போனாப் போறதுடா பீரு. தேறினவன் ஒருத்தன் இருக்கான், சுப்பராமன்னு. வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொல்றேன். நீ பாட்டுக்கு வேலையைப் பண்ணிண்டிரு, முத்திரையை அவன் குத்திட்டுப் போகட்டும். உன் சம்பளம் கொறையாது."

நல்ல மனுஷன், நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கோ செருப்பால் அடித்தாற்போல் இருந்தது. "என் ஒட்டுக்கு அவன் நம்பரா? ஆவாது மொதலாளி," என்று சொல்லிவிட்டு, காரில் ஏறாமல் சாந்தோம் வரைக்கும் நடந்தே வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் என் மனைவி அஃப்சருன்னிசாவிடம் தணிகாசலத்தை வண்டி வண்டியாகத் திட்டினேன். அவள் எனக்குப் பரிந்து பேசுவாள் என்று பார்த்தால், சிரிக்கிறாள்.

"நான் பிரியாணி தேக்சாவை மூடியே தொறக்காம உங்க முன்னால வெச்சு, ருசி எப்பிடி கீதுன்னு சொல்லுங்கன்னா சொல்வீங்களா?"

"நீ அவன் கட்சியா?"

"நான் சோறு துன்ற கட்சி. கோவத்தை அங்க போயி காட்டுங்க, இங்க இன்னாத்துக்கு?"

சரி, அங்கேயே காட்டுகிறேன் என்று மறுநாள் காலையில் அடையாறு கொட்டகை வாசலில் போய் நின்றேன். தணிகாசலம் சைக்கிளை விட்டு இறங்கியதும் வழியை மறித்தேன்.

"நேத்து தகட்டை ஒடச்சுப் பாரு சார். அது தாங்கலன்னா நான் திரும்பிக்கூட பார்க்காம போய்க்கினே இருப்பேன்."

"பெயிலானவன் தகட்டை உடைக்கிற வழக்கம் இல்லய்யா."

"பயமா சார்?"

அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. தகட்டை எடுத்துவந்து வைஸ் பிடியில் இறுக்கினார். சம்மட்டியை என் கையிலேயே கொடுத்தார். ஓங்கி அடித்தேன். தகடு வளைந்தது. இன்னொரு அடி. படார் என்று இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி என் காலடியில் வந்து விழுந்தது.

யா அல்லா, மானம் போச்சே என்று நின்றேன்.

தணிகாசலம் குனிந்து அந்தப் பாதியை எடுத்து, உடைந்த விளிம்பைக் காட்டினார். "பாரு. ஒட்டு பிரியல. ஒட்டுக்குப் பக்கத்துல, நீ ராவி ராவி மெலிசாக்கின எடத்துல பிளந்திருக்கு. உன் நெருப்பு சரியாத்தான் போயிருக்கு. அரம்தான் தகட்டைத் தின்னுடுச்சு. போறேன்னியே, போ."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதற்காகப் போய்விடுவேனா?

"பெயிலானது அரம் சார். நான் இல்ல. வேற தகடு குடு."

"ஆறு மாசம்னு ரூல் இருக்கு."

"பெயிலானவன் தகட்டை ஒடைக்க மாட்டேன்னியே, ஒடச்சியா இல்லியா? வழக்கத்தை மீறினது மீறிட்ட, இன்னும் ஒரு தகடு மீறு. ஆறு மாசமும் தெனம் காலைல இங்கதான் நிப்பேன். உன் சைக்கிள் உள்ள போவாது."

முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தலையில் அடித்துக்கொண்டு, "குடுத்துத் தொலைங்கப்பா," என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

ஒட்டினேன். மேடும் வரியுமாக, தையல் போட்ட காயம் மாதிரி ஒட்டு நின்றது. ஐயோ, எவ்வளவு அசிங்கம்! என் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. அரத்தை உருவித் தரையில் வீசிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை தணிகாசலமே அடித்தார். தகடு மடங்கி இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டன. ஒட்டு பிளக்கவில்லை. சாயங்காலம் முத்திரையை மடியில் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினேன். எங்கே கீழே விழுந்துவிடுமோ என்று வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஷெட்டில் சலவைக் கம்பெனி பாய்லர் வந்து இறங்கியிருந்தது. முதலாளிக்கு ஏக சந்தோஷம். "பேஷ்! இனிமே சுப்பராமனும் வேண்டாம், எவனும் வேண்டாம்!" என்றவர், பாய்லரைக் காட்டினார். "நீ இல்லாத நேரத்துல நம்ம கிச்சா ஒட்டை முடிச்சுட்டான். உன் நம்பரைக் குத்திடு. நாளைக்குக் காலம்பற அனுப்பணும்."

கிச்சா முதலாளியின் அக்கா மகன். வேலை தெரியாதவன் என்று சொல்ல மாட்டேன். சோதனைக்குப் போகாதவன், அவ்வளவுதான்.

"குத்த மாட்டேன் மொதலாளி."

"என்னடா?"

"நேத்து என் ஒட்டுக்கு சுப்பராமன் நம்பர்னீங்க. இன்னிக்கி கிச்சா ஒட்டுக்கு என் நம்பரா? அவரு அடையாறு போயி வாங்கிக்கினு வரட்டும். என் நம்பர் என் கைக்கு மட்டும்தான்."

முதலாளியின் முகம் சிவந்தது. "என் ஷெட்டுல நின்னுண்டு எனக்கே சட்டம் பேசறயா? அந்த முத்திரையைக் குடு இப்படி. நானே குத்திக்கறேன்."

"ஷெட்டு உங்களுது. பாய்லர் அவங்களுது. இது என்னுது."

"அப்போ நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

வீட்டை நினைத்தேன். ஆனாலும் கை மடியை விட்டு வரவில்லை. "வரல. நம்பர் உள்ளவனுக்கு மெட்ராஸ்ல வேலையா இல்ல? நம்பர் இல்லாத பாய்லரை கம்பெனிக்காரன் எடுத்துக்குவானான்னு மட்டும் பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். தெருமுனைக்குப் போவதற்குள் கிச்சா ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தான்.

"மாமா கூப்பிடறார். எல்லாத்தையும் பிரிச்சு நீயே போட்டுக்கோன்னார்."

பிரித்தேன். புதிதாகப் போட்டேன். முதலாளி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டு ஆறியதும் முத்திரையைப் பக்கத்தில் வைத்துச் சுத்தியை எடுத்தேன். எண் பதிய ஒரே அடி போதும். நான் நாலு அடி அடித்தேன்.