ரமாபாய்க்குப் பிடித்த படம்

ரமாபாய் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டு சாத்தாங்காட்டைத் தாண்டி மணலி ரோட்டில் இருந்தது. பெண்களை ஏற்றிப்போகக் கம்பெனி வேன் வரும். புளியந்தோப்பில் செங்கொடி ஏறுவாள், வியாசர்பாடியில் ரமாபாய், வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசலில் ஃபிர்தௌஸ். பின் சீட்டு மூவருக்கும் சொந்தம் மாதிரி. செங்கொடி ஒரு ஜன்னல், ஃபிர்தௌஸ் இன்னொரு ஜன்னல், ரமாபாய் நடுவில்.

ஃபிர்தௌஸ் ஏறி உட்கார்ந்து துப்பட்டாவைச் சரிசெய்யும் முன்பே சண்டை ஆரம்பித்துவிடும். டிரைவர் ரகுபதி வேனின் ஸ்பீக்கரை யார் போனோடு வேண்டுமானாலும் இணைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார். முந்திக்கொள்பவள் பாட்டுதான் திருவொற்றியூர் வரைக்கும் ஓடும்.

"காலங்காத்தால இன்னாடி இந்தக் கூச்சல்? மண்டைக்குள்ள ஆணி அடிக்கிற மாரி கீது" என்பாள் ஃபிர்தௌஸ்.

"கூச்சலா? எங்க தெருப் பசங்க பாடுன கானா இது. உன் பாட்டு போட்டா ரகுபதி அண்ணன் தூங்கிகினே போயி டிரெய்லர்ல வுட்டுருவாரு."

"வார்த்தையக் கேளு மொதல்ல. ஒவ்வொண்ணும் முத்து."

"வார்த்தை கேக்கணும்னா நியூஸ் கேட்டுட்டுப் போறேன். பாட்டுன்னா காலு ஆடணும்."

கடைசியில் இரண்டு பேரும் நடுவில் இருப்பவளிடம் வருவார்கள். "யக்கா, நீயே சொல்லு."

"ரெண்டும் நல்லாத்தான் கீது" என்பாள் ரமாபாய்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் மதியக் காட்சிக்குப் போவார்கள். ஒரு மாதம் செங்கொடி சொல்லும் படம், மறுமாதம் ஃபிர்தௌஸ் சொல்லும் படம். செங்கொடியின் படத்தில் கதாநாயகன் தூக்கிப் போட்ட ஆட்கள் காற்றில் நின்று நிதானமாகக் கீழே விழுவார்கள்; செங்கொடி விரலை வாயில் வைத்து விசிலடிப்பாள்; ரமாபாய் கைதட்டுவாள். ஃபிர்தௌஸின் படத்தில் யாராவது யாரையாவது பிரிந்து ரயிலேறுவார்கள், ஃபிர்தௌஸ் அழுவாள், ரமாபாயும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ரமாபாயின் முறை என்று ஒரு மாதம் வந்ததே இல்லை. அது அந்த இருவருக்கும் உறைக்கவில்லை. ரமாபாய்க்கே உறைக்கவில்லை.

அவள் நடித்தாள் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும், அழுதால் அழுகை வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி. வீட்டில் டிவி ரிமோட் தம்பி பீம்ராவ் கையில் இருந்தது, அவன் கல்யாணமாகி ஆவடிக்குப் போன பிறகு அம்மா கையில். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு ஹவுசிங் போர்டு வீட்டில் அவள் மட்டும்தான். ரிமோட் ஜன்னல் மேடையில் கிடந்தது. அவள் எடுப்பதில்லை. நாளைக்கு விடிந்தால் வேன் வரும், பின் சீட்டில் சத்தம் இருக்கும் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் இரண்டு விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ஃபிர்தௌஸின் கணவன் வசீமுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் நல்ல வேலை கிடைத்து, குடும்பத்தோடு கிளம்பினார்கள். செங்கொடியைக் கம்பெனி ஸ்ரீபெரும்புதூர் யார்டுக்கு மாற்றியது. இருவருக்கும் ஒன்றாக வந்த கடைசி நாளில், மூவரும் வேலை பார்த்த கேட் ஆபீசில் கேக் வெட்டினார்கள். "டெய்லி குரூப்ல பேசிக்கலாம்கா, இன்னா இப்போ" என்று செங்கொடி கட்டிக்கொண்டாள். வாட்ஸ்அப்பில் மூவருக்கும் ஒரு குரூப் இருந்தது. பேர், 'பின் சீட்டு'.

அடுத்த திங்கட்கிழமை ரமாபாய் வேனில் ஏறினாள். முன் சீட்டில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள், காதில் ஆளுக்கொரு இயர்போன். பின் சீட்டு காலி. எங்கே உட்காருவது என்று ஒரு கணம் நின்றுவிட்டு, பழக்கத்தில் நடுவிலேயே உட்கார்ந்தாள். வேன் திரும்பும்போதெல்லாம் பிடித்துக்கொள்ளத் தோளில்லாமல் இரண்டு பக்கமும் சரிந்தாள்.

ரகுபதி கண்ணாடியில் பார்த்தார். "இன்னா பாட்டு போடட்டும்மா? இன்னிக்கு உன் ராஜ்ஜியம்தான்."

ரமாபாய் வாயைத் திறந்தாள். ஒரு பாட்டும் வரவில்லை. செங்கொடி கேட்கும் பாட்டு ஞாபகம் வந்தது, ஃபிர்தௌஸ் கேட்கும் பாட்டு ஞாபகம் வந்தது. தனக்கு என்று தேடினால் கை வெறுமனே வந்தது.

"எதுனா போடுண்ணா."

"எதுனான்னு ஒரு பாட்டு இல்லியேம்மா" என்று சிரித்துவிட்டு அவர் ரேடியோவைத் திருப்பினார். டிரெய்லர்களின் வரிசைக்குப் பின்னால் வேன் ஊர்ந்தது. அவருக்கு அது ஒரு பேச்சு, அவ்வளவுதான். அவளுக்கோ யார்டில் கன்டெய்னர் நம்பர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுகூட அது மனதில் அரித்துக்கொண்டே இருந்தது.

குரூப்பில் முதல் வாரம் பேச்சு ஓடியது. பிறகு ரமாபாய் காலையில் போடும் ரோஜாப்பூப் படத்துக்கு ஒரு கட்டைவிரல் வரும், ஒரு கும்பிடு வரும். செங்கொடிக்குப் பிடிக்குமே என்று ஒரு குத்துப்பாட்டை அனுப்பினாள். 'சூப்பர்கா' என்று வந்தது. ஃபிர்தௌஸுக்காக ஒரு மெல்லிய பாட்டை அனுப்பினாள். அதற்கும் 'சூப்பர்கா'. பாவம், வேலை, குழந்தை, புது ஊர், எப்படிப் பேசுவார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தை மாதத்தில் ஃபிர்தௌஸின் தங்கைக்கு நிச்சயம். வண்ணாரப்பேட்டை வீட்டுக்கு மூவரும் வருவதாக ஏற்பாடு. ரமாபாய் இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். மாடிப்படி ஏறும்போதே அந்தச் சத்தம் கேட்டது. நெஞ்சு குளிர்ந்துபோனது அவளுக்கு.

"க்ளைமாக்ஸ்ல அவன் சாவறது சரிதான்டி!" ஃபிர்தௌஸின் குரல்.

"இன்னாத்துக்கு சாவணும்? நேத்து போன்லயே கேட்டேன், நீ பதில் சொல்லாம டபாய்ச்சிட்ட. அவ்ளோ பேர அடிச்சவன் ஒரு ஜுரத்துல செத்துடுவானா?"

"அதாண்டி வாழ்க்கை!"

ஃபிர்தௌஸின் அம்மா அஜீசுன்னிசா தண்ணீர் கொடுத்தபடி சொன்னாள்: "வாம்மா ரமா. இதுங்களக் கொஞ்சம் அடக்கு. தெனமும் போன்ல இதே ரோதனை. மருமவன் காதப் பொத்திக்கினு படுக்கறாராம்."

ரமாபாய் தம்ளரைக் கையில் பிடித்தபடி கேட்டாள்: "நீங்க ரெண்டு பேரும் தெனம் பேசிக்கிறீங்களா?"

"எங்க பேசறது? இவ ஒரு படத்தப் பாத்துட்டு ஆகா ஓகோம்பா. நான் வுடுவனா? சண்டைதான்" என்றாள் செங்கொடி.

"எனக்கும் ஒரு போன் போட்டிருக்கலாமே."

அதில் குறை எதுவும் தெரியாதபடிதான் கேட்டாள். செங்கொடியும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "உன்னாண்ட இன்னாத்தக்கா பேசறது? நாங்க எதச் சொன்னாலும் நல்லாத்தான் கீதுன்னுவ. சண்டைக்கு வர மாட்டியே!"

எல்லோரும் சிரித்தார்கள். ரமாபாயும் சிரித்தாள். பிரியாணி சாப்பிட்டாள், பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டாள், போட்டோவில் நின்றாள். வீடு திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். அடித்துக்கொண்டவர்கள் ஒருத்தியை ஒருத்தி விடவில்லை. யார் மனமும் கோணாமல் நடுவில் உட்கார்ந்திருந்தவளைத்தான் இரண்டு பேரும் மறந்துபோனார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்வதற்கு இருந்தவர்களே அந்த இரண்டு பேர்தான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தண்டையார்பேட்டைக்கு நடந்தே போய் ஒரு தியேட்டர் வாசலில் நின்றாள். மூன்று படங்கள் ஓடின. ஒன்றில் அரிவாள், ஒன்றில் ரயில் நிலையம். மூன்றாவது போஸ்டரில் தலைமுடியை முகத்தில் போட்டுக்கொண்டு ஒரு பேய் கிணற்றிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. செங்கொடிக்குப் பேய்ப் படம் என்றால் பயம். ஃபிர்தௌஸுக்கு அருவருப்பு. அதனாலேயே ரமாபாய் இதுவரை ஒரு பேய்ப் படத்தைக்கூடத் தியேட்டரில் பார்த்ததில்லை. கவுன்ட்டரில் அந்தப் படத்தின் பேரைச் சொல்லும்போது ஏதோ திருட்டுத்தனம் செய்வது போலிருந்தது.

முதல் கால்மணி நேரம் பழக்கம் விடவில்லை. இந்த இடத்தில் செங்கொடி என்ன சொல்வாள், ஃபிர்தௌஸ் எப்படி முகம் சுளிப்பாள் என்றே புத்தி போனது. பிறகு படத்தில் ஒரு பெண் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். பின்னால் கதவு தானாகத் திறந்தது. அவள் திரும்பவில்லை. தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டது. சல்லடைக்குக் கீழே, விழுந்த மாவில், ஒரு கால்தடம் பதிந்தது.

ரமாபாய் வீல் என்று கத்திவிட்டாள். அவளோடு சேர்ந்து மொத்தத் தியேட்டரும் கத்தியது. பக்கத்து சீட்டு அம்மாள் ஒருத்தி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "போயிடுச்சா? போயிடுச்சா?" என்று கண்ணை மூடியபடி கேட்டாள். "இன்னும் போவல, நிக்குது, தொறக்காத" என்றாள் ரமாபாய். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பயமும் சிரிப்பும் ஒன்றாக அடிவயிற்றிலிருந்து பொங்கி வந்தன. யாரையும் பார்த்து வந்ததல்ல, அவளுடைய சொந்தச் சிரிப்பு. படம் முடிகிற வரை அப்படியே கத்தினாள், சிரித்தாள். விளக்கு போட்டதும் அந்த அம்மாள் கையை எடுத்துக்கொண்டு, தன் ஆட்களோடு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

வெளியே வெயில் அப்படியே இருந்தது. ரமாபாய்க்கு மாவில் விழுந்த கால்தடத்தைப் பற்றி உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். ரோட்டோரம் நின்று போனை எடுத்து, குரூப்பில் குரலாகவே பேசினாள்: "ஏய், பேய்ப் படம் ஒண்ணு பாத்தேன். தனியா. எனக்கு ரொம்பப் புடிச்சிருந்தது."

வீடு போய்ச் சேருவதற்குள் போன் அலறியது. ஃபிர்தௌஸ்.

"யக்கா, நீயா? பேய்ப் படமா? கலீஜ்! அதப்போயி காசு குடுத்துப் பாப்பாங்களா?"

"நாம கடைசியா பாத்தோமே உன் ரயில் படம், அதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றாள் ரமாபாய். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. "ரெண்டாவது பாதில எனக்குத் தூக்கமே வந்துடுச்சிடி."



"அன்னிக்கி நீ அழுதியேக்கா."

"நீ அழுத. அத்தப் பாத்து அழுதேன்."

"எங்க அத்தா மவுத்தாயி அடக்கம் பண்ணப்பறம் பாத்த மொதப் படம் அது. அவர நெனச்சிதான் அழுதேன். உனக்கு அது புரிஞ்சிதுன்னு இவ்ளோ நாளா நெனச்சிகினு கீறேன்."

"அது புரிஞ்சிது ஃபிர்தௌஸ். படந்தான் புடிக்கல."

"சரிக்கா. அப்பறம் பேசறேன்."

அந்த 'அப்பறம்' வரவில்லை. ஒரு வாரம் போனது, இன்னொன்று போனது. குரூப்பில் ஒரு ஈ காக்கை இல்லை. 'அந்தப் படமும் நல்லாத்தான் கீது' என்று ரமாபாய் ஒருநாள் டைப் செய்தாள். விரல் அனுப்பும் பொத்தான் வரைக்கும் போனது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அன்று சமைக்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கீழே கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபடி இருந்தாள்.

செங்கொடிதான் கூப்பிட்டாள். "இன்னாக்கா, அவள அழ வெச்சிட்டியாமே! கேட்டதும் ஷாக்காயிட்டேன். அத்த வுடு. என் பாட்டு? அதுவாச்சும் புடிக்குமா?"

ரமாபாய் நிஜமாகவே யோசித்தாள். "மேளம் அடிக்கிற அடி புடிக்கும். பாடறவன் ஏன் அப்படிக் கத்தறான்னுதான் தெரியல."

"அடிப்பாவி! கத்தறானா?" செங்கொடி பிடித்துக்கொண்டாள். யார் கத்துகிறார்கள், யார் பாடுகிறார்கள் என்று ஸ்ரீபெரும்புதூர் கேன்டீன் மணி அடிக்கும் வரை விடவில்லை. அதன் பிறகு அவள் அவ்வப்போது கூப்பிட ஆரம்பித்தாள். திட்டுவதற்குத்தான்.

ஃபிர்தௌஸ் கூப்பிடவில்லை. பங்குனி வெயில் ஏறிய ஒருநாள் காலை குரூப்பில் ஒரு பாட்டு மட்டும் வந்தது, ஒரு வார்த்தையும் இல்லாமல். அவளுடைய வழக்கமான மெல்லிசை. ரமாபாய் கேட் ஆபீசில் ஏசி சத்தத்துக்கு நடுவே போனைக் காதோடு வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். முடிந்ததும் மறுபடி கேட்டாள். பிறகு எழுதினாள்: 'ஆரம்பம் நல்லா கீது. அப்பறம் ரொம்ப இஸ்துகினு போறான்.'

வெளியே டிரெய்லர் ஹார்ன் அடித்தது. போய், கன்டெய்னர் கதவில் போட்ட சீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, நம்பரை எழுதிக்கொண்டு வந்தாள். போனில் பதில் இருந்தது.

'உனக்குக் காதுன்னு ஒண்ணு கீதா இல்லியா.'

அவ்வளவுதான். சிரிக்கிற முகமோ கும்பிடோ எதுவும் கூட வரவில்லை. கோபமா விளையாட்டா என்று தெரியவில்லை. எடுத்துக் காட்டிக் கேட்கலாம் என்றால் அறையில் யாருமில்லை. புதிதாக வந்த பெண்கள் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள்.

ரமாபாய் டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சை சாதம். ஒரு வாய் எடுத்துவிட்டு, இதற்கு என்ன பதில் போடுவது என்று யோசித்தாள். காரமாக இருக்க வேண்டும், ஆனால் அவள் போனை வைத்துவிடும்படியும் இருக்கக் கூடாது. அவளுக்கு இதில் பழக்கமில்லை. சாதம் தீர்ந்து வெகுநேரம் ஆன பிறகும் யோசித்துக்கொண்டே இருந்தாள்.